வீடு வாங்குமுன்

சொந்த ஊரில் வீடு வாங்கினால், அதைக் கட்டிய கொத்தனார் யார், அஸ்திவாரம் எத்தனை அடி என்று சொல்ல அக்கம்பக்கத்தில் நால்வர் இருப்பார்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு தேடும் நமக்கு அவ்வாறு சொல்வார் அரியர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்குமுன் கட்டடத்தின் உறுதியை நாமே ஆராய்ந்தறிய வேண்டும்.

புதிதாகப் பூசிய வர்ணம் கண்ணை மயக்கும். கடற்காற்றின் உப்பும் மழைநீரும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட மிகுதியான இடம் கொள்வதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். மேற்பூச்சில் தோன்றும் மயிரிழை வெடிப்பு வேறு; தூணில் கம்பியின் போக்கிலே நீளும் வெடிப்பு வேறு. இவற்றைப் பிரித்தறியவல்லவர் கட்டமைப்புப் பொறியாளரே.

மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களைப் பதிவு பெற்ற பொறியாளர் சோதிக்க வேண்டுமென்பது சட்டம். அந்த அறிக்கையைக் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுப் படிப்போம்; பழுது இருப்பின் செலவில் நமக்கும் பங்குண்டு. புதுக் கட்டடமாயினும் அசட்டை கூடாது. 2001 ஜனவரி 26-இல் கட்ச் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடி வீடுகள் சரிந்தன. அவற்றுள் பல, வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரின்றி வெறும் தூண்களின்மேல் நின்றவை.

ஆகவே, விற்பவரையோ தரகரையோ சாராத பொறியாளர் ஒருவரை அழைத்துச் செல்வோம். தூண், உத்தரம், மொட்டைமாடி, குழாய்கள் யாவற்றையும் பார்த்து அவர் எழுத்தில் தரட்டும். அவருக்கு அளிக்கும் ஊதியம் வீட்டு விலையில் சிறு துளியே. அறிக்கை கைக்கு வந்த பின்னரே முன்பணம் கொடுப்போம்.