முதல் மருந்துக்கு முன்னே



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிய காலத்தில், நோய் கண்டவன் பிழைப்பானா என்பதொன்றே எல்லோர் நெஞ்சிலும் நின்ற கேள்வி. இன்றோ, விரைப் புற்று, ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று முதலியவற்றால் பீடிக்கப்பட்ட வாலிபர்களுள் மிகப் பெரும்பாலோர், தக்க தருணத்தில் சிகிச்சை பெற்றால், குணமடைந்து வீடு திரும்புகிறார்கள். அவ்வாறு திரும்பியவன் விவாகம் செய்துகொண்டு சந்ததி காண வேண்டாமா என்று கேட்கவே நாம் லஜ்ஜைப்படுகிறோம். அந்த லஜ்ஜைதான் என் மனத்தை வருத்துகிறது.

அக்கேள்வியைக் கேட்க வேண்டிய காரணம் இது: வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது புற்றுக்கு ஏற்றும் கீமோ மருந்தின் இயல்பாதலால், புற்றணுக்களோடு விந்தணுவின் மூல அணுக்களும் அழிகின்றன. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் மிகுந்த அளவில் ஏறினால், விந்தணு உற்பத்தி நிரந்தரமாகவே நின்றுவிடவும் கூடும். சிலருக்குச் சில ஆண்டுகளில் அது தானே மீள்வதும் உண்டு. யாருக்கு மீளும் என்று முன்கூட்டி அறுதியிட இயலாதாகையால், முதல் மருந்து ஏறுவதற்கு முன்னரே விந்தணுவைச் சேகரித்து, மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிருள்ள திரவ நைட்ரஜனில் பாதுகாப்பதே விவேகம். உறையவைத்த விந்தணுவால் கரு உண்டாகும் என்பது 1953-லேயே அமெரிக்காவில் நிரூபணமாயிற்று. பருவமெய்திய பையனுக்கும் இவ்வழி உண்டு. பருவமெய்தாத சிறுவர்களுக்கான வழி மட்டும் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விந்தணு குன்றுவது வேறு, ஆண்மை குன்றுவது வேறு. ஆண்மைக்குரிய ஹார்மோனைச் சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் கீமோவைத் தாங்கி நிற்பவை. ஆதலால், குணமடைந்த பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் காதில் வதந்தி ஓதுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் நோய் இன்னதென்று அறிந்து, புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் புற்றுநோய் மருத்துவமனைக்கோ, அடையாற்றுக்கோ பேருந்து ஏறும் குடும்பங்கள் நம்மிடையே பல. வைத்தியர்களே, நோய் கண்ட பிள்ளையைத் தனியே அழைத்து, நீங்களாகவே விந்தணுச் சேமிப்பைப் பற்றி எடுத்துரையுங்கள். பெற்றோர்களே, உயிர் தப்பினால் போதும் என்று வாய் மூடி நில்லாதீர்கள். அந்தச் சேமிப்புச் செலவை ஏழைகளுக்காக அரசாங்கம் ஏற்க வேண்டுமென்று இச்சபை ஒருமனதாகக் கோரட்டும். வாலிபர்களே, முதல் மருந்து ஏறுவதற்கு முன்னால், "எனக்குப் பின்னாளில் குழந்தை பிறக்குமா? அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள்; அது உங்கள் உரிமை.