புட்டியில் அடைபட்ட இனிப்பு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உணவைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தபோது, கேழ்வரகையும் முருங்கைக் கீரையையும் பற்றி நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றின் பெருமையை நாம் அனைவரும் அறிவோம், அறிந்தும் உண்பதில்லை. ஆதலின், அறியாமலே உண்ணும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நம் காலனிப் பிள்ளைகள் கட்லெட்டுக்கும் பரோட்டாவுக்கும், சில வீடுகளில் தோசைக்குங்கூடத் தொட்டுக்கொள்ளும் அந்தக் கருஞ்சிவப்பான பார்பெக்யூ சாஸே இன்றைய பொருள்.

அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் இறைச்சியை விறகுக் கனலின் புகையில் மணிக்கணக்காக வாட்டும் வழக்கம் உண்டு. அதற்கே பார்பெக்யூ என்று பெயர். அதனுடன் சேரும் சாறு ஊருக்கு ஊர் வேறுபடும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் கலந்த சாறு நம் ரசத்தைப் போல நீர்த்து ஓடும். தென் கரோலினாவில் கடுகு சேர்ப்பார்கள். அலபாமாவில் 1925-இல் பாப் கிப்சன் தொடங்கிய உணவு விடுதியால் புகழ்பெற்ற சாறு வெண்ணிறமானது. மயோனைஸ் கலந்தது, ஆகவே எண்ணெய் மிக்கது. கான்சாஸ் நகரத்து வகையோ தக்காளி விழுது, சர்க்கரை, ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சப்படுவது. கடைகளில் நாம் பெரும்பாலும் காணும் புட்டி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்ததே.

இனிக் கணக்கிற்கு வருவோம். புட்டிக்குப் புட்டி அளவு மாறும். எனினும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையைப் பொது அளவாகக் கொள்ளலாம். 100 கிராம் சாஸில் ஏறத்தாழ 170 கலோரி, சர்க்கரை 33 கிராம், புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு, கொழுப்பும் அவ்வாறே, சோடியம் 1000 மில்லிகிராமுக்குச் சற்று மேல். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்; அதாவது இரண்டரை கிராம் உப்பு. மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக உள்ள பண்டத்தைக் காய்கறிகளோடு சேர்த்து எண்ணுவது முறையாகுமா? நமக்குப் பழகிய தக்காளிக் கெட்சப்பும் இதற்குத் தம்பிதான். அதில் 100 கிராமுக்கு 100 கலோரியும் 21 கிராம் சர்க்கரையும் உண்டு, உப்பில் மட்டும் அண்ணனுக்கு அதிகம் இளைத்ததன்று.

‘நூறு கிராம் யார் உண்கிறார்கள்?’ என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஒருவேளைப் பங்கு என்று அமெரிக்கப் புட்டியில் குறித்திருப்பது இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 35 கிராம். அதில் சர்க்கரை 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி; உப்பு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு முதலியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கினால் இன்னும் நன்று. 1400 கலோரி போதுமான சிறு பிள்ளைக்கு அந்த இருபதில் ஒரு பங்கு பதினேழரை கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு கரண்டியிலேயே தீர்ந்துவிடுகிறது. பாலில் போட்ட சர்க்கரையும் பிஸ்கட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை. மேலும், புட்டியைக் கவிழ்த்துப் பிதுக்கும் பிள்ளை இரண்டு கரண்டியோடு நிறுத்துவதை நான் கண்டதில்லை.

பெரியவர்களுக்கு அச்சம் உப்பின் பக்கம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது அந்நிறுவனத்தின் அளவு. சாம்பாரிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும் நாம், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டுகொண்டே பேரனின் தட்டிலிருந்து இதையும் தொட்டுப் பார்க்கிறோம். ஊறுகாய் இதைவிட உப்பானதாயிற்றே என்பீர்கள். உண்மைதான், ஆனால் ஊறுகாயை யாரும் இரண்டு மேசைக்கரண்டி உண்பதில்லை. நாக்கே தடுத்துவிடும். இதிலோ சர்க்கரை உப்பை மறைக்கிறது. புளிப்பு சர்க்கரையை மறைக்கிறது.

இத்துணைச் சர்க்கரையும் உப்பும் சுவைக்காக மட்டும் சேர்ந்தவை அல்ல. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மாலைக்குள் ஊசிவிடுகிறது. சாஸ் புட்டி மாதக்கணக்கில் கடையில் நிற்கிறது. சர்க்கரையும் உப்பும் நீரைத் தம்மோடு பிணைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக நீர் கிட்டுவதில்லை. வினிகரின் அமிலம் அவற்றை மேலும் ஒடுக்குகிறது. சோடியம் பென்சோவேட் போன்ற காப்புப் பொருள்கள் அமிலத்தில்தான் நன்கு வேலை செய்யும். நம் முன்னோர் ஊறுகாய்ச் சாடியில் கையாண்ட முறையும் இதற்கு உறவே.

புட்டியின் பின்புறத்தைப் படிக்கப் பழகுங்கள். 2020-ஆம் ஆண்டின் இந்திய லேபிள் விதிகளின்படி, மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் சோடியத்தையும் அதில் குறிக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் எடை மிக்கது முதலில் வரும். ஆனால் சர்க்கரை, மக்காச்சோளப் பாகு, கரும்பாகு, தேன் எனப் பல பெயர்களில் இனிப்பைப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ‘கொழுப்பு அறவே இல்லை’ என்று முகப்பில் பெரிதாக அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டா. சுரைக்காயில் எலும்பில்லை என்று விளம்பரம் செய்வது போன்றது அது. ‘சர்க்கரை குறைந்தது’ என்ற புட்டியில் உப்பும் குறைந்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

சைவ உணவினருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில பார்பெக்யூ சாஸ்களில் வூஸ்டர்ஷயர் சாஸ் சேர்கிறது. அதன் மரபான செய்முறையில் நெத்திலி மீன் உண்டு. சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நல்லதையும் மறைத்தல் ஆகாது. தக்காளிக்குச் சிவப்பளிக்கும் லைக்கோபீன் என்னும் பொருளைப் பச்சைத் தக்காளியிலிருந்து பெறுவதைவிட, காய்ச்சிய விழுதிலிருந்து நம் உடல் எளிதில் ஏற்கும். ஆனால் அதற்காகச் சாஸ் வாங்குவது வீண் செலவு. நம் தக்காளித் தொக்கே போதும்.

புட்டியை வீட்டைவிட்டே துரத்துங்கள் என்று நான் கூற வரவில்லை. பிள்ளையின் கையில் கொடாமல், நீங்களே ஒரு தேக்கரண்டி அளந்து கிண்ணத்தில் இடுங்கள். பன்னீரையோ காளானையோ தோசைக்கல்லில் வாட்டும்போது இறக்குமுன் மேலே மெல்லத் தடவினால் குறைந்த அளவே மணம் தரும். முன்னரே தடவினால் சர்க்கரை கருகிவிடும். வீட்டில் செய்வதாயின் தக்காளி, பூண்டு, சிறிது புளி, மிளகாய், மிளகு, கடுகுத் தூள் போதும். வெல்லமும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும், ஆதலால் சுண்டு விரல் நுனியளவு. கெட்டியாகக் காய்ச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஐந்தாறு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். காக்கும் சர்க்கரையும் உப்பும் அதில் இல்லையன்றோ!

உங்கள் வினாக்களை எதிர்நோக்குகிறேன்.