நகைக்கடன் விதிகளும் நம் ஊரும்

வங்கித் தலைவர்களும் அவர்களை நெறிப்படுத்துவோரும் பேசிக்கொள்ளும் பேச்சு நம் ஊரான தீர்த்தமலைக்குத் தொலைவானதன்று. மரவள்ளிக்கு உரம் போட, கோபாலபுரம் ஆலைக்குக் கரும்பு வெட்ட, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட என்று தாலிக்கொடி கூட்டுறவுச் சொசைட்டிக்கும் வங்கிக்கும் போய்வரும் ஊர் இது.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. காரணம் வலுவானது. வாடிக்கையாளர் எதிரில் இல்லாமலே நகையை மதிப்பிடுவது, ஏலத்தை ஒளிவுமறைவாக நடத்துவது போன்ற குறைகளை 2024 செப்டம்பரிலேயே அது கண்டித்திருந்தது. ஏலத்தில் நகையைப் பறிகொடுத்த எந்தக் குடும்பமும் அந்தக் கண்டிப்பை வரவேற்கும். ஆனால் வரைவு, நகையின் உரிமைக்கு ஆவணமும் கேட்டது. ரசீது இல்லையென்றால் உறுதிமொழி போதும் என்று அதிலேயே வழி இருந்தது உண்மைதான். பாட்டி காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோட்டோடு கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் அந்த வழியை யார் சொல்வார்கள்?

மே மாதக் கடைசியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு இந்த வரைவு பற்றிக் கடிதம் எழுதினார். 2 லட்சம் ரூபாய் வரை கடன் வாங்குவோருக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு தரலாம் என்று நிதியமைச்சகம் பரிந்துரைத்தது. ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவின் அறிவிப்போடு இறுதி விதிகள் வந்தன. குடும்பச் செலவுக்கான கடன் 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 விழுக்காடு, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

இந்த 85-ஐக் கவனமாகப் பார்க்க வேண்டும். அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில், வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்கவேண்டும். 1 லட்சம் ரூபாய் நகைக்கு, ஆண்டு வட்டி 9 விழுக்காடு என்றால், கைக்கு வருவது ஏறத்தாழ 78,000 ரூபாய். வரம்பு இடம் கொடுத்தால், சேர்ந்த வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைக்க, அதாவது கடனைப் புதுப்பிக்க, வழியுண்டு. என் பார்வையில் இதுவே பெரிய ஆறுதல். அசலையும் கட்டினால்தான் மறுபடி வைக்கலாம் என்றால், அந்த ஒரு நாளைக்காகக் கந்துவட்டிக்காரரிடம் போக நேரும்.

கடனை அடைத்தபின் 7 வேலைநாளுக்குள் நகை திரும்பி வரவேண்டும். கடன் கொடுத்தவரால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடனின் நிபந்தனைகளை அந்தப் பகுதி மொழியிலோ வாடிக்கையாளர் கேட்கும் மொழியிலோ சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, அந்த நிறுவனத்தைச் சேராத ஒரு சாட்சியின் முன் விளக்கவேண்டும்.

வங்கிகளுக்கு இப்படி விதித்த ரிசர்வ் வங்கியிடம் நான் கேட்பது ஒன்று. அடுத்த வரைவு தமிழிலும் வரட்டும். கருத்துச் சொல்லும் கெடுவுக்குள் அரூர் வட்டாரச் சொசைட்டிகளின் அறிவிப்புப் பலகையில் அது ஒட்டப்படட்டும். மாற்றி வைக்க முடியாமல் நகையை இழந்தவர்களே அதற்கு எழுதட்டும்.