காசு மாலை
(ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம காசு மாலையில் காசுக்குக் காசு லட்சுமி இருப்பாள். அமெரிக்காவில் 2025-ல் வந்த ஒரு கால் டாலர் காசில் டென்னிஸ் மட்டையோடு ஒரு பெண் இருக்கிறார். பெயர் ஆல்தியா கிப்சன். கறுப்பினப் பெண். என் மகளோட பி.டி. டீச்சர்தான் இந்தக் கதையைச் சொன்னாங்க.

1927-ல் பிறந்தவர். அப்பா அம்மா பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்தவர்கள். பிழைப்புக்காக நியூயார்க் வந்தார்கள். இந்தப் பிள்ளை தெருவில் மட்டை பிடித்து விளையாடும். அதைப் பார்த்து 1940-ல் அக்கம்பக்கத்து ஜனங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, கிளப்பில் சேர்த்து, பயிற்சிக்கும் பணம் கட்டினாங்க. நம்ம சந்தா மாதிரிதான்.

கறுப்பினத்தாரைப் பெரிய போட்டிகளில் சேர்க்காத காலம் அது. அதையும் தாண்டி 1957-ல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வாங்கினார். எலிசபெத் ராணி கையால் பரிசு. அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் இவர்தான். 1958-லும் ஜெயித்தார்.

ஆனா அப்போ கோப்பைதான் கொடுப்பாங்க, பரிசுப் பணம் கிடையாது. வயசான காலத்தில் நோயும் வறுமையும் சேர்ந்து வந்தது. அவரோட ஜோடியாக ஆடிய தோழி ஏஞ்சலா பக்ஸ்டன் நாலு பேருக்குச் சொல்ல, பல ஊர்களிலிருந்து உதவிப் பணம் வந்தது. 2003-ல் இறந்தார். முகம் காசில் வந்தது அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் என் மகள் மாவட்ட ஓட்டப் போட்டிக்குப் போனாள். ஷூ வாங்க 1,800 ரூபாய் உள்கடன் கேட்டேன். “மாடு வாங்கக் கடன் தரலாம், ஓடறதுக்குமா?” என்று கேட்டாங்க. கோபப்படவில்லை. எனக்கும் அன்னைக்குப் பதில் தெரியலை. அண்ணனோட பழைய ஷூவில் துணியைத் திணிச்சுக்கிட்டு ஓடினாள். நாலாவதாக வந்தாள்.

இப்போ பதில் தெரியும். அந்தக் கால் டாலருக்கு முன்னாடி, தெருக்காரங்க போட்ட சில்லறை இருக்கு. ஒத்தைக் காசு மாலை ஆகாது அக்கா, சேர்த்துக் கோர்த்தால்தான் மாலை.

அதனால ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெண் பிள்ளைகளோட விளையாட்டுக்கும் உள்கடன் உண்டு என்று தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்.