பஸ்ஸுக்கு வழி விடு!

தோழர்களே! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே!

போன வாரம் ஒரு கூட்டத்தில் ஒரு முதலாளி பேசினார். பேர் வேண்டாம். நம் திருப்பூர் பி.என். ரோட்டில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை விட்டால் ஊரே முடங்கிவிடுமாம். "ஓசியில் போறவங்களுக்குத் தனி ரோடு வேறயா?" என்றும் கேட்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள்! அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை.

யாரைப் பார்த்து ஓசி என்கிறாய்? 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது ஓசியா? ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்த ஊர்ப் பின்னலாடைச் சரக்கு கப்பல் ஏறுகிறது. அதில் ஓவர்லாக் அடித்தவள் யார்? செக்கிங் பார்த்தவள் யார்? கைமடி வேலை செய்தவள் யார்? காலை எட்டரைக்கு உள்ளே போனவள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். புஷ்பா ஸ்டாப்பில் கால் கடுக்க நிற்கிறாள். பஸ் வரவில்லை. ஏன்? முன்னால் கார் நிற்கிறது!

எங்கள் வீதியில் ஒரு அக்கா, பேட்லாக் டைலர். காலையில் ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட்டிலேயே நிறுத்தி அரை ஷிப்ட்டை வெட்டிவிடுகிறார்கள். "பஸ்ஸ நானென்ன தள்ளிக்கிட்டுங்களா வர முடியும்?" என்று அழுதுகொண்டே கேட்டார். காரை நிறுத்தி பஸ்ஸை மறிப்பதும் முதலாளி வர்க்கம். தாமதம் என்று கூலியை வெட்டுவதும் அதே வர்க்கம். இதைவிடவா ஒரு அநியாயம்?

2017இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் திருப்பூர் சேர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், நல்லது. காருக்கு அடுக்குமாடி கட்டினார்கள். பஸ் நிற்க இடம் கிடைத்தது. ஓட வழி? ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை! காருக்கு மாடி கட்டிய பிறகும் ரோட்டோரத்தில் என்ன நிற்கிறது? கார்தான் நிற்கிறது!

தில்லியைப் பார், 2008இல் போட்ட பஸ் பாதையை 2016இல் பெயர்த்துவிட்டார்களே என்கிறார்கள். ஆமாம், பெயர்த்தார்கள். பஸ்ஸில் போனவனா பெயர்க்கச் சொன்னான்? கார்க்காரன் சொன்னான்! அதை எடுக்கச் சொல்லிப் போட்ட வழக்கை 2012இலேயே தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதை ஏன் மறைக்கிறீர்கள்? நம்மைப் போலவே துணியால் வளர்ந்த அகமதாபாத்தில் 2009இல் தொடங்கிய தனிப்பாதையில் பஸ் ஓடுகிறதே, அதை ஏன் சொல்வதில்லை? கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000இல் தொடங்கினார்கள். இன்றும் லட்சக்கணக்கானோர் போகிறார்கள்.

ரோடு அகலம் பத்தாதாம். சொல்கிறவர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாருங்கள். ரோட்டில் இரண்டு கார் நிற்கும். அவற்றை உள்ளே தள்ளச் சொல்லுங்கள், அகலம் வருகிறதா இல்லையா என்று நான் அளந்து காட்டுகிறேன்!

நாங்கள் மேம்பாலம் கேட்கவில்லை. காலை ஷிப்ட் ஏறும் நேரத்திலும், மாலை ஐந்தரைக்கும், இரவு எட்டரைக்கும் பி.என். ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் ஒரு ஓரத்தை பஸ்ஸுக்கு மட்டும் விடுங்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்கிற கார் யாருடையதாக இருந்தாலும் தூக்குங்கள். பெயின்ட்டும் போலீஸும் போதும்.

அப்புறம் குமரன் ரோடு. 1932இல் கொடியேந்தி ஊர்வலம் போய், தடியடி பட்டு உயிர்விட்டவர் பேரைத் தாங்கும் ரோட்டில் இன்று பிள்ளையைக் கையில் பிடித்து நடக்க முடிகிறதா? சனிக்கிழமை சம்பளம் வாங்கிய குடும்பம் ஞாயிற்றுக்கிழமைதானே கடைக்கு வருகிறது? அன்றைக்கு ஒரு நாள் அங்கே கார் வேண்டாம். வியாபாரம் படுத்துவிடும் என்கிறவருக்கு ஒரு கேள்வி: உங்கள் கடையில் பத்துப் பேர் ஜவுளி எடுத்தால், அதில் எத்தனை பேர் காரில் வந்தவர்கள்? சென்னைப் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். கடைகளா மூடிப்போயின?

தாய்மார்களே, மாநகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். கொண்டுவராதவர் நாளைக்கு ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து கும்பிட்டால், நடுவீதியில் நிறுத்திக் கேளுங்கள்: "எந்த பஸ்ஸில் ஏறி வந்தீங்க?"