யாருக்கு ‘நல்ல ஏரியா’?



ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர்தான். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அங்கே வாடகை வீடு தேடினேன். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று நான் கேட்டேன். “நீங்க என்ன ஆளுங்க?” என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ‘நல்ல ஏரியா’ என்று தரகர் காட்டியதெல்லாம் ஒரே சாதித் தெருக்கள்.

தீண்டாமையின் பேரில் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. “வேற ஆளுக்குப் பேசியாச்சு” என்பார்கள். அதை எப்படி நிரூபிப்பது?

மழலையர் பள்ளியிலும் இதே பேச்சுதான்: “நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கதான் இங்க படிக்குது.” நான் பால்வாடியில் சேர்த்தேன். 1975இல் தொடங்கிய திட்டம். ஆறு வயதுக்குள் முன்பருவக் கல்வியும் மதியச் சாப்பாடும் உண்டு. பல தெருப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கட்டடமும் கழிப்பறையும் சரியில்லைதான். நம் பிள்ளைகளும் அங்கே இருந்தால்தான் அதைச் சேர்ந்து கேட்க முடியும்.

உங்களில் பலர் வீட்டில் மாடியை வாடகைக்கு விட்டிருப்பீர்கள். அடுத்த முறை வீடு கேட்டு ஒருவர் வரும்போது, அப்பா அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் நீங்கள் பேசுங்கள்.