பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன்...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

மயிலாப்பூர், அடையாறு பக்கம் நம் நண்பர்கள் பலர் வீட்டில், மூலையில் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். "ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சுப்பா, எடைக்குப் போட்டுடலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றபின் இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. என் பதில் ஒன்றுதான்: போடாதீங்க, முதலில் திறந்து பாருங்க.

திறக்குமுன் ஒரு வேலை. போட்டோ, கடிதம், கணக்கு எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள். பெட்டி போனால் வாங்கலாம். பிள்ளையின் சிறுவயதுப் படம் போனால் வாங்க முடியாது.

பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் தேங்கிய மின்சாரம் சிப்புகளைக் கெடுக்காது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் இருக்கும்.

நமக்குக் கடற்காற்று வரப்பிரசாதம், கம்ப்யூட்டருக்கு அப்படியல்ல. உப்புக் கலந்த தூசி ஈரத்தை இழுத்து உலோக முனைகளை அரிக்கும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஃபேனைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். "பீப் பீப்" என்று கத்திக்கொண்டு திரையில் ஒன்றுமே வராவிட்டால், ரேமைக் கழற்றி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துங்கள். பல நேரம் அதுவே போதும்.

தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் வங்கித் தளங்கள்கூடத் திறக்காது. வைரஸ் என்று பயப்பட வேண்டாம். பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது வேகத்துக்கு வருவோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 மில்லி செகண்ட். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதே இல்லை. அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.; இரண்டாவது, ரேமை 8 ஜி.பி. ஆக்குவது. ரிச்சி தெருவுக்குப் போகும்போது பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள். டி.டி.ஆர். 3-க்கும் டி.டி.ஆர். 4-க்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராஸசரும் டி.பி.எம். 2.0-வும் கேட்கிறது. உங்கள் பெட்டியில் அவை இல்லையென்றால் இலவசமான லினக்ஸ் இருக்கிறது. பாஸ் என்ற லினக்ஸை 2007-இல் உருவாக்கித் தந்தது நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம்தான். கடிதம் எழுத, மெயில் பார்க்க, பாடம் படிக்க லினக்ஸ் தாராளம்.

எதுவும் உதவவில்லை, போட்டே ஆக வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். டிஸ்க்கோடு கொடுப்பது, பீரோவைச் சாவியோடு கொடுப்பதற்குச் சமம்.

தம்பி தங்கைகளே, புதுக் கம்ப்யூட்டரைத் திறக்க யாரும் விடமாட்டார்கள். பழையதைத் திறந்தால் திட்ட ஆளில்லை. ஸ்க்ரூ டிரைவரை அங்கே பிடித்துப் பழகுங்கள். மூத்தவர்களே, அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குக் கொடுக்குமுன், கற்க விரும்பும் ஒரு மாணவரிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டுமே பிழைத்துக்கொள்ளும்!